என் ரகமும் அவர் ரகமும்

ஜனவரி 19

வாயைப் பற்றித் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் பெனாசிர். எத்தனை தடவை பல் தேய்த்தேன், ரத்தம் வந்ததா, எந்தப் பக்கம் மென்றேன். அதற்கென்று கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார். டிக் அடித்தால் போதும். அடித்து முடித்த பிறகும் சொல்ல மிச்சம் இருந்தது. அதனால் உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டேன்.

நான் தங்கபுஷ்பம். விருதுநகரில் உளுந்து மண்டி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பருப்பு மில்லுக்குப் புடைக்கப் போனவள். இன்றைக்கு மில்காரர்கள் என் மண்டி வாசலில் வந்து நிற்கிறார்கள். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. என் கை, என் கண், என் பல்.

பல் என்று சும்மா சொல்லவில்லை. மூட்டையில் கம்பியைக் குத்தி எடுத்த உளுந்தில் இரண்டு மணியை வலப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடிப்பேன். காய்ந்தது டக்கென்று உடையும். ஈரமானது நசுங்கும். மேலே காய்ந்து நடுவில் பச்சையாக இருப்பது உடைந்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் இழுக்கும். ஈரம் பார்க்கிற மீட்டர் கடையில் இருக்கிறது. மீட்டர் சொன்ன பிறகும் நான் கடித்து ‘சரி’ என்றால்தான் மதுரை அப்பளக் கம்பெனி கிருபாகரன் லோடு ஏற்றுவார். மற்றவர்கள் அவரைப் பார்த்து ஏற்றுவார்கள்.

அந்தக் கடைவாய்ப் பல் தீபாவளியிலிருந்து ஆடுகிறது. பக்கத்தில் இரண்டும் லேசாக. ஈறு இறங்கிவிட்டது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும், விட்டால் கழன்று விழும் என்று மதுரைப் பல் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இது பஜாரில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. தை பிறந்துவிட்டது, புது உளுந்து வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 20

டாக்டர் பெனாசிர் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். காயல்பட்டினத்துப் பெண். பல் டாக்டருக்குப் படித்துவிட்டு அதற்கு மேல் அந்த மதுரைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார்.

“அம்மா, ஈறைக் கெடுக்கிற கிருமி ஒண்ணு இருக்கு. உங்க வாயிலயும் இருக்கலாம், சார் வாயிலயும் இருக்கலாம். பேரு ஒண்ணுதான். ஆனா ரகம் வேற வேற.”

“உளுந்துல இருக்கிற மாதிரி.”

“ம், அப்படி வச்சுக்கோங்க. அந்தக் கிருமி தன்னோட மேல்தோலையே மொட்டு மாதிரி உப்ப வச்சுச் சின்னச் சின்னப் பையா உதிர்த்துவிடும். வெசிக்கிள்னு பேரு. கிருமி போக முடியாத இடுக்குக்கெல்லாம் அந்தப் பை போயிரும். உள்ள புரதம் இருக்கும். எந்த ரகம் என்னென்ன புரதத்தைப் பையில போட்டு விடுதுன்னு ஒப்பிட்டுப் பாக்கறதுதான் என் வேலை.”

“புரதம் நல்லதுதானேம்மா? உளுந்துல புரதம் இருக்குன்னு சொல்லித்தான் நானே விக்கிறேன்.”

சிரித்தார். “புரதத்துல ஆயிரம் வேலைக்காரங்க இருக்காங்கம்மா. இதுல சிலது கத்திரிக்கோல். ஈறுச் சதையை நறுக்கும்.”

முதலாளி இருந்த இடத்தை விட்டு அசையாமல் சரக்கை மட்டும் அனுப்பி ஊரைப் பிடிக்கிறான். இது எனக்குப் புரியாதா?

இந்த ஆராய்ச்சிக்குக் கணவன் மனைவி ஜோடியாக வேண்டுமாம். ஒருவருக்கு ஈறு நோய் இருக்க வேண்டும், இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. இவர் வாயைத் திறந்து காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, “சாருக்கு அழுக்கு நிறைய இருக்கு, ஆனா ஈறு கெட்டியா இருக்கு” என்றார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் பிரஷ்ஷை வாய்க்குக் காட்டிவிட்டு எடுக்கிற மனுஷன். நான் மூன்று வேளை தேய்க்கிறேன். என் பல் ஆடுகிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

இவர் பெயர் வெள்ளத்துரை. தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். தியேட்டரை மூடிய பிறகு என் மண்டிக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வியாபாரத்தில் தலையிட மாட்டார். அதுவரைக்கும் நல்லது.

ஜனவரி 22

சனிக்கிழமை சாம்பிள் எடுக்கிறார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் வேண்டாம், அன்று காலை பல் தேய்க்காமல் வாருங்கள் என்று தாளில் போட்டிருக்கிறது. அப்படித்தான் போடுவார்கள். ‘களத்தில் கிடப்பதை அப்படியே அள்ளிக்கொண்டு வா’ என்று நானும்தான் உளுந்து விளைவிக்கிற சம்சாரிகளிடம் சொல்கிறேன். எவனாவது தூசியோடு கொண்டுவருகிறானா? சலித்து, கல் பொறுக்கி, நல்ல மணியாகப் பார்த்து ஒரு கைப்பிடி முடிந்து வருவான். நானும் மில்லுக்கு அப்படித்தான் காட்டுவேன். ஒருவர் முன்னால் சாம்பிள் என்று வைக்கும்போது அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

உப்புத் தண்ணீர் மூன்று வேளை. மருந்துக்கடையில் வாங்கிய கொப்பளிப்பு மருந்து இரண்டு வேளை. நாளைக்கு பஜார் கிளினிக்கில் மேலோட்டமாகச் சுத்தம் செய்துகொள்ளப் போகிறேன்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “டாக்டரம்மா வேண்டாம்னு சொன்னாங்கல்ல?”

“நீங்க பேப்பரைப் படிங்க.”

ஜனவரி 24

சாம்பிள் கொடுத்தாயிற்று. ஊசி மாதிரி மெல்லிய காகிதக் குச்சியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகி, கொஞ்ச நேரம் வைத்து, எடுத்த கையோடு குப்பியில் போட்டு இறுக்கி மூடினார் பெனாசிர். காற்றுப் பட்டால் செத்துப்போகிற கிருமியாம். பாவம், அவ்வளவு சொகுசு.

என் வாயைப் பார்த்து, “நல்லா வச்சிருக்கீங்களேம்மா” என்றார். இவர் இருமினார். முறைத்தேன்.

பிப்ரவரி 9

பெனாசிரிடமிருந்து போன். லேபில் வைத்து வளர்த்துப் பார்த்ததில் என் குச்சியில் ஒன்றுமே வளரவில்லை. இவர் குச்சியில் அந்தக் கிருமி மண்டிக் கிடக்கிறது!

எனக்கு நோயே இல்லை என்றுதானே அர்த்தம்? கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஈறைப் பாத்தா இருக்கணும். எதுக்கும் ட்ரீட்மென்ட்டுக்கு வந்திருங்க” என்றார். அவர் வேலை அவருக்கு. வளரவில்லை என்றால் இல்லை. மூட்டையில் வண்டு இல்லாதபோது வண்டு மருந்து எதற்கு? வியாழக்கிழமை ஈறு சுத்தம் செய்ய வரச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மண்டியை விட்டுப் போகிற நேரமா இது?

பிறகு பல் ஏன் ஆடுகிறது? இவர் கிருமிதான் அவ்வப்போது என் வாய்க்கு வந்து போயிருக்கும். நான் பாதி குடித்து வைத்த காப்பியை எடுத்துக் குடிக்கிற பழக்கம் இவருக்கு. நானும் இவர் தம்ளரில் தண்ணீர் குடிப்பேன். இன்றைக்கு இவர் தம்ளர், தட்டு, கரண்டி எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தேன்.

“என்ன, என்னைத் தள்ளி வச்சிட்டியா?” என்றார்.

“உங்களை இல்ல. உங்க கிருமியை.”

அந்தத் தனித் தம்ளரிலேயே குடித்தார்.

பிப்ரவரி 17

கிருபாகரன் வந்தார். தூத்துக்குடிக் கரிசல் உளுந்து, நல்ல கறுப்பு, ஒரே அளவு மணி. மீட்டர் சரி என்றது. நான் இரண்டு மணியை வாயில் போட்டேன். கடைவாயில் வைத்ததுமே சுரீர் என்றது. நாக்கால் ஒதுக்கிக்கொண்டேன். கையில் அள்ளி உருட்டிப் பார்த்தேன். வழுவழுவென்று ஓடியது.

“சரியா இருக்கு, ஏத்துங்க” என்றேன்.

“அக்கா சொல்லிட்டா அப்புறம் என்ன?” என்று லாரிக்குப் போன் போட்டார்.

இத்தனை வருடமாகக் கடித்த வாய்க்குத் தெரியாதா? கை சொன்னதும் வாய் சொன்னதும் ஒன்றுதான்.

பிப்ரவரி 18

இடப்பக்கமே மெல்லுகிறேன். தோசையாக இருந்தால் பரவாயில்லை.

பிப்ரவரி 25

லோடு திரும்பி வந்துவிட்டது.

வெளியே காய்ந்து நடுவில் பச்சை. அரைத்த மாவு பிசுபிசுத்து, அப்பளம் உலர்த்தும்போது ஓரம் சுருண்டுவிட்டதாம். கிருபாகரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

“ஏங்க்கா, இது நீங்க கடிச்சுப் பாத்ததுதானே?”

“ஆமா.”

“இல்ல, கேட்டேன். மத்தவங்க சரக்குன்னா நானே ஆள் வச்சுப் பாப்பேன். உங்க சரக்குன்னா பாக்கிறதில்ல. அதான்.”

போய்விட்டார். அந்த ‘அதான்’ இன்னும் காதில் நிற்கிறது. தரகர் சீனியப்பன் எதிர்க் கடை வாசலில் நின்று திரும்பி வந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தால் பஜாரே பார்த்த மாதிரி.

பிப்ரவரி 26

இவர் காலையில், “நீ கடிக்கல” என்றார்.

“யாரு சொன்னா?”

“வாயில போட்டு மூடிக்கிட்ட. தாடை அசையல. ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாப் படம் பாத்தே காலத்தை ஓட்டினவன் நான். சத்தம் கேக்காட்டியும் எவன் பேசுறான், எவன் வாயை மட்டும் அசைக்கிறான்னு தெரியும்.”

சட்னிக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். பின்னாலேயே வந்தார்.

“எனக்குச் சொல்லிக் குடு. நான் கடிக்கிறேன்.”

“உங்களுக்கு உளுந்துக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியுமா?”

“பல்லு இருக்குல்ல?”

மூன்று கிண்ணம் எடுத்தேன். ஒன்றில் காய்ந்தது, ஒன்றில் ஈரம் பட்டது, ஒன்றில் திரும்பி வந்த லோடு. கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தேன். முதல் இரண்டையும் சரியாகச் சொன்னார். மூன்றாவதைக் காய்ந்தது என்றார். மறுபடி கொடுத்தேன், மறுபடி காய்ந்தது என்றார். “உடைஞ்ச பிறகும் கடிச்சுக்கிட்டே இருங்க, அவசரப்பட்டு முழுங்காதீங்க” என்றேன். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார். அப்புறம் கண்ணைத் திறந்து, “கடைசியில மிட்டாய் மாதிரி லேசா ஒட்டுது” என்றார்.

அதேதான். நான் இழுப்பு என்பேன், இவர் ஒட்டு என்கிறார்.

மார்ச் 2

மண்டியில் இவர் வாயால் சொன்னால் என் கதை முடிந்தது. அதற்கு வழி இவரே சொன்னார். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல் எங்கள் பஜாரிலும் பழைய தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அந்த மாதிரி, இவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார வேண்டியது. சும்மா கொறிக்கிற மாதிரி நாலு மணியை வாயில் போட வேண்டியது. துண்டுக்குள் என் ஒரு விரலைப் பிடித்தால் சரி. இரண்டைப் பிடித்தால் ஈரம். கையை முழுதாகப் பிடித்தால் நடுவில் பச்சை.

இன்று மூன்று லாட் பார்த்தோம். முதல் இரண்டுக்கு ஒரு விரல். மூன்றாவதுக்குக் கையை முழுதாகப் பிடித்தார். வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். சம்சாரி சண்டை போட்டார். மணியைப் பிளந்து காட்டியதும் அடங்கிப் போய்விட்டார்.

இவர் கை காய்த்துப்போயிருக்கிறது. ஃபிலிம் சுருள் தூக்கிய கை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 3

ரத்தம் வந்தது. தாளில் டிக் அடித்தேன்.

மார்ச் 9

நேற்று முழுக்க ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. பல் தேய்க்கக்கூட முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார் இவர்.

பெனாசிர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “இப்படி விட்டுட்டீங்களேம்மா. உங்க சாம்பிள்ல ஒண்ணும் வளராததுதான் எனக்கு இன்னும் புரியல. இந்த ஈறுல அது இல்லாம இருக்கவே இருக்காது.”

“அவ அதைச் சலிச்சுட்டாள்ல” என்றார் இவர்.

“என்னது சார்?”

“சாம்பிளை. உப்புத்தண்ணி, மருந்துத்தண்ணி, முதல் நாள் கிளினிக்ல போய்ச் சுரண்டல் வேற. மில்லுக்குக் காட்டுற மாதிரி நல்லா பொறுக்கிக் குடுத்தா.”

இவர் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை, சொல்லி முடித்துவிட்டார்.

பெனாசிர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு ஜோடி கிடைக்க நான் எவ்வளவு அலையறேன் தெரியுமா? என் ஆராய்ச்சியையே கொப்பளிச்சுத் துப்பிட்டீங்களேம்மா!” என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எழுதிக் கொடுத்ததைக் கேட்காமல், வளரவில்லை என்றதும் நோயே இல்லை என்று ஒரு மாதம் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவள் நான்தானே? என் சாம்பிளை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன்.

“இன்னைக்குக் கொப்பளிச்சீங்களா?”

“வாயைத் திறக்கவே முடியல.”

“அப்ப இதுதான் நல்ல சாம்பிள்” என்று, மருந்து கொடுப்பதற்கு முன்னால் காகிதக் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். தூசி, கல், வண்டு எல்லாவற்றோடும் ஒரு கைப்பிடி கொடுத்தேன்.

மார்ச் 23

வீக்கம் வடிந்த பிறகு ஈறைத் திறந்து சுத்தம் செய்தார்கள். தையல் போட்டிருக்கிறது. பக்கத்துப் பற்கள் இரண்டும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் பெரிய டாக்டர். கடைவாய்ப் பல்லுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். எத்தனை நாள் முன்னால் என்று நான் கேட்கவில்லை.

கஞ்சி.

ஏப்ரல் 10

கிருபாகரன் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார். ஆனால் இப்போது கூடவே ஒரு ஆளும் வந்து, ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்க்கிறான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

துண்டு வியாபாரம் நன்றாக நடக்கிறது. சீனியப்பன் மட்டும் மோப்பம் பிடித்துவிட்டார்.

“என்னக்கா, புருஷனும் பொண்டாட்டியும் துண்டுக்குள்ள கையப் பிடிச்சுக்கிட்டு? இந்த வயசுலயா?”

“உங்க வீட்டுல பிடிக்கலைன்னா எங்களை என்ன கேக்கிறீங்க சீனி?”

கடையே சிரித்தது. ஆள் போய்விட்டார். இவர் காது சிவந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.

மே 21

பல்லைக் காட்டப் போனோம். பெனாசிர் எங்களை அவர் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை என் சாம்பிளில் தாராளமாக வளர்ந்ததாம்.

“ரெண்டு பேர்கிட்டயும் அதே கிருமிதான். ஆனா ரகம் வேற” என்றார். கம்ப்யூட்டரில் இரண்டு வட்டம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. “நடுவுல இருக்கிறதெல்லாம் ரெண்டு பேரோட பையிலயும் இருக்கிற புரதம். அதுதான் நிறைய. இந்த ஓரம் அம்மாவோட பையில மட்டும். அந்த ஓரம் சாரோட பையில மட்டும்.”

“கத்திரிக்கோல் எந்தப் பக்கம்?” என்றேன்.

“ரெண்டுலயும் உண்டும்மா. உங்க ரகத்துல ரொம்பக் கூடுதல். பையும் நிறைய உதிர்க்குது. சாரோடது கொஞ்சமாத்தான் போட்டு விடுது.”

“அப்ப இவர்கிட்ட இருந்து எனக்கு வரல.”

“ரகமே வேறங்கிறப்ப, இல்ல.”

“நான் இவருக்குக் குடுத்திருந்தா?”

“குடுத்திருக்கலாம், குடுக்காமலும் இருக்கலாம். சாருக்கு எடுத்த சாம்பிள்ல உங்க ரகம் இல்ல. இனிமே போகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. இன்னொண்ணும்மா, கிருமியை மட்டும் வச்சு முடிவு கட்டக்கூடாது. உடம்பு வாகு இருக்கு, உங்களுக்குச் சர்க்கரை வியாதி வேற இருக்கு. ஒரு ஜோடியை வச்சு எதையும் சொல்லிட முடியாது. எல்லா ஜோடியையும் சேத்துப் பாக்கணும்.”

பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியதும் நானே கேட்டேன். “என்ன, சந்தோஷமா?”

“எதுக்கு?”

“உங்க கிருமின்னு சொல்லித் தட்டைத் தூக்கித் தனியா வச்சேனே.”

“இப்ப எடுத்து உள்ள வச்சிரு.”

“மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.”

திரும்பிப் பார்த்தார். இனி அது என் கிருமி அவரிடம் போகாமல் இருக்கத்தான் என்று அவருக்குப் புரிந்திருக்கும். சாது ரகத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் என் பாதிக் காப்பியைக் குடித்திருக்கிறார். இத்தனை காலம் வராதது இனிமேலா வரப்போகிறது என்று அவர் சொல்லலாம். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

ஜூன் 10

கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வேண்டுமாம். இங்கேயே பஜார் கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள். கிருபாகரன் வருவது சனிக்கிழமை என்பதால் வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

பல் போயிற்று. பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், பேசக்கூடாது, துப்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பாதி முகம் மரத்துப் போய், வாய் நிறையப் பஞ்சோடு மண்டிக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூச்சு விடவில்லை, கிருபாகரன் வந்து இறங்குகிறார். சனிக்கிழமை ஒரு கல்யாணமாம், அதனால் இன்றைக்கே வந்துவிட்டாராம்.

ஆந்திராவிலிருந்து வந்த லாட். நேற்றே நான் கையில் உருட்டிப் பார்த்து நல்ல சரக்கு என்று முடிவு செய்து வைத்திருந்தேன். இவர் இன்னும் கடித்துப் பார்க்கவில்லை.

“அக்கா, என்ன கன்னம் வீங்கியிருக்கு?”

தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“பல்லு எடுத்திருக்கா” என்றார் இவர். “பேசக் கூடாது.”

“அடடா. அப்ப இதைக் கடிச்சுப் பாக்க முடியாதே?”

“அவ கடிச்சு ரொம்ப நாளாச்சு தம்பி. பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு. மாசியில இருந்து நான்தான் கடிக்கிறேன்.”

பஞ்சை மீறி ஒரு சத்தம் போட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. எதிர்க் கடையில் சீனியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

கிருபாகரன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “அப்ப பிப்ரவரியில திரும்பி வந்த லோடு?”

“அது யாருமே கடிக்காதது.”

இதையும் சொல்லிவிட்டார். மேஜை மேல் இருந்த பேப்பரை எடுத்து மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன். கிருபாகரன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவர் குரல் மட்டும் கேட்டது. “அதுக்கப்புறம் எடுத்த எதுவும் திரும்பலையே அண்ணாச்சி.”

“திரும்பாது.”

“இதைக் கடிங்க பாப்போம்.”

இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்க்க நாலு மணியை எடுத்து வாயில் போட்டார். உடைகிற சத்தம் எனக்கும் கேட்டது. நல்ல சத்தம். நான் நினைத்தது சரிதான் என்று இருந்தேன். இவர் நிறுத்தவில்லை, மென்றுகொண்டே இருந்தார். கிருபாகரன் கூட வந்த ஆள் வாட்சைப் பார்த்தான்.

“நடுவுல பச்சை இருக்கு” என்றார். “இன்னும் ரெண்டு வெயில் காணணும். இப்ப ஏத்தாதீங்க.”

என் மண்டியில், என் சரக்கை, நான் நல்லது என்று வைத்ததை, வாங்க வந்தவரிடம் இந்த மனுஷன் வேண்டாம் என்கிறார். கிருபாகரன் என் பக்கம் திரும்பினார். “அக்கா?”

கேட்டது ஒரு வார்த்தைதான். நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறேனோ அதுதான் இனிமேல் இந்தக் கடை. என் கையும் கண்ணும் சரக்கு நல்லது என்றன. பிப்ரவரியிலும் அப்படித்தான் சொன்னன.

இவரைக் காட்டி, அவர் சொன்னதுதான் என்று சைகை செய்தேன்.

கிருபாகரன் ஒரு மணியைக் கத்தியால் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. “காஞ்சதும் சொல்லுங்க அண்ணாச்சி, நானே வர்றேன்” என்று இவரிடம் சொல்லிவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மூட்டை குத்துகிற ஆள் கம்பியை வெளியிலேயே எடுக்கவில்லை.

ஜூன் 13

இன்றுதான் பேச முடிந்தது. முதல் வேலையாகச் சண்டை போட்டேன்.

“என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்? நாலு மாசம் மறைச்சு வச்சதை நாலு பேர் முன்னால போட்டு உடைச்சிட்டீங்களே.”

இவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவை திரும்பி வந்திருந்தா, புஷ்பம் பொய் சொல்றான்னு ஆயிருக்கும். இனிமே திரும்பினா வெள்ளத்துரை பல்லு சரியில்லன்னு போயிரும். பரவாயில்லல்ல?”

சுண்ணாம்பு அதிகம், பல் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 19

அந்த லாட் வெயில் கண்டுவிட்டது. இவர் காலையிலேயே போய்க் கடித்துப் பார்த்துவிட்டு, கிருபாகரனுக்கு அவரே போன் போட்டார். கூடுதலாகப் பேசினார், மழை அது இது என்று. வியாபாரத்தில் மழை பற்றி எதற்கு? இருக்கட்டும்.

சீனியப்பன் வந்து, “அண்ணாச்சி, என் பார்ட்டிக்கும் ஒரு லாட் கடிச்சுச் சொல்லுங்க” என்று நிற்கிறார். வரிசையில் வரச் சொன்னேன்.

ஜூன் 27

இவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல் சுத்தம் செய்துகொள்ள. சொன்னால் வரமாட்டார் என்று, பெனாசிர் இன்னொரு சாம்பிள் கேட்கிறார் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். காலையில் பிரஷ் பக்கமே போக விடவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து மேலே லைட்டைப் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார்.

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே! ஆடல, வலிக்கல. டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க, என் ரகம் சாது ரகம்தானே?”

பெனாசிர் மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“இங்க பாருங்க” என்றேன். “அது இப்ப உங்க பல்லு இல்ல. மண்டிப் பல்லு. வாயைத் திறங்க.”

திறந்தார்.